நெருப்பு யார் கையில், யார் உடம்பில்? கதைகளில் தீயும் ஆண் பெண்ணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் எதற்கு?

நான் கம்பத்துக்குத் தெற்கே கூடலூரில் இருக்கிறேன். இங்கிருந்து மலை ஏறினால் குமுளி, அதாவது கேரளம். சனிக்கிழமை சாயங்காலம் தெருப்பிள்ளைகளுக்குக் கதை வாசிப்பேன். கூட்டிக்கொண்டு போக வரும் பெரியவர்களும் வாசற்படியில் உட்கார்ந்து கேட்பார்கள்.

ஒரு சித்திரை மாதம் கண்ணகி கதை வாசித்துக்கொண்டிருந்தேன். எட்டாவது படிக்கும் ஒருத்தி நடுவில் நிறுத்தினாள். "அக்கா, அனுமாரும் ஊரை எரிச்சாரு, கண்ணகியும் ஊரை எரிச்சாங்க. அவரு கதைய மட்டும் சிரிச்சுக்கிட்டே சொல்றீங்க, இதுக்கு மட்டும் குரலை மாத்துறீங்களே, ஏன்?"

எனக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை. அப்புறம் ஆளாளுக்குக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை என்பதால் எழுதி வைக்கிறேன்.

சரி, ஒரே மூச்சில் சொல்லுங்கள். என்ன வித்தியாசம்?

ஆணுக்குத் தீ கையில் இருக்கிறது. பெண்ணுக்கு உடம்புக்குள் இருக்கிறது.

கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடலாம். வேலை முடிந்ததும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். உடம்புக்குள் இருப்பதை என்ன செய்வது? யாராவது குளிர்விக்க வேண்டும். அதனால் நெருப்புள்ள ஆணின் கதை அவன் எதை எரித்தான் என்பதோடு முடிகிறது. நெருப்புள்ள பெண்ணின் கதை, அவளை எப்படித் தணித்தார்கள் என்ற இன்னொரு பாதியையும் சுமக்கிறது. நடராசர் சிலையைப் பாருங்கள். பின்னிடது கையில் தீயை ஏந்திக்கொண்டு எவ்வளவு நிம்மதியாக ஆடுகிறார்!

இது எல்லாக் கதைக்கும் பொருந்தாது. பொருந்தாதவற்றையும் கீழே சொல்லியிருக்கிறேன்.

கண்ணகி கதையில் இந்தத் தணிப்பு எங்கே இருக்கிறது? மதுரை எரிந்தது, அவள் வானம் போனாள், அவ்வளவுதானே?

பெரும்பாலும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். சிலம்பை எடுத்துப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது.

முதலில் தீ எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கண்ணகி பந்தம் எடுக்கவில்லை, கொள்ளிக்கட்டை எடுக்கவில்லை. இடது முலையைத் திருகி எடுத்து, மதுரையை மூன்று முறை வலம் வந்து, வீதியில் எறிகிறாள். எரிபொருள் அவள் உடம்பேதான்.

அதற்குப் பிறகுதான் அக்கினி தேவன் பார்ப்பனர் கோலத்தில் வந்து நிற்கிறான். நீ பிழைக்கப்பட்ட நாளில் இந்த ஊரை எரிக்க வேண்டும் என்று எனக்கு முன்பே ஏவல் உண்டு, யாரை விட்டுவிடட்டும் என்று அவளிடமே கேட்கிறான். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியவர், குழந்தைகள் இவர்களை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் போ என்கிறாள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மார்பைத் திருகி எறிந்துவிட்டு நிற்கிற பெண், ஆத்திரத்தின் உச்சியில் பட்டியல் போடுகிறாள். தீ அவளை ஆளவில்லை. அவள்தான் தீயை ஆளுகிறாள். மேடையில் அவளைத் தலைவிரி கோலத்தில் கத்தவிடுகிறவர்கள் இந்தப் பட்டியலை அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தணிப்பு அதற்கும் பின்னால் வருகிறது. முதலில் மதுராபதித் தெய்வம் வந்து கோவலனின் முற்பிறவி வினையைச் சொல்லி ஆற்றுகிறது. அது போதவில்லை. பாண்டி நாட்டில் மழை நின்று, வறுமையும் வெப்பு நோயும் அம்மையும் பரவுகின்றன. கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்டு அவளுக்குச் சாந்தி செய்த பிறகுதான் மழை பெய்தது என்று சிலம்பில் வரும் உரைபெறு கட்டுரை சொல்கிறது. ஆயிரம் பேர்! தப்பு செய்தவன் ஒரு பொற்கொல்லன். சொல்ல வருவது இதுதான்: ஊரை எரித்த தீ அணைந்த பிறகும் அவள் சூடு நாட்டை விட்டுப் போகவில்லை. அப்படித்தான் அந்தக் காலத்து மனசு அவளை நினைத்திருக்கிறது.

மங்கலதேவி கோயிலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

எங்கள் ஊருக்கு மேலே, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற கண்ணகி கோட்டம். மதுரையிலிருந்து வையைக் கரையோடு நடந்து வந்து, பதினான்காம் நாள் வேங்கை மரத்தடியில் நின்று, கோவலனோடு விண்ணேறிய இடம் இதுதான் என்பது இங்கே எல்லாருடைய நம்பிக்கை. சித்திரா பௌர்ணமி அன்று ஒரு நாள் மட்டும் திறப்பார்கள். குமுளியிலிருந்து ஜீப், பளியங்குடியிலிருந்து நடை. தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட அதிகாரிகளும் சேர்ந்துதான் ஏற்பாடு செய்கிறார்கள். தமிழிலும் மலையாளத்திலும் ஒரே நேரத்தில் கூப்பிட்டுத் தள்ளுவார்கள்.

ஒரு வருஷம் நடந்து போனபோது, காட்டுக்குள் நுழைகிற இடத்தில் பையைச் சோதித்த பையன் என் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டான். கற்பூரம் ஏற்ற வைத்திருந்தது. "காடு காய்ஞ்சு கெடக்குக்கா, ஒரு குச்சி போதும்" என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. எனக்குத்தான் வழி நெடுக சிரிப்பு. மதுரையையே எரித்தவளைப் பார்க்கப் போகிறோம், தீப்பெட்டி கொண்டு போகக்கூடாது. பின்னால் வந்த பாட்டி ஒருத்தி, "அவளுக்கு எதுக்குத்தா தீப்பெட்டி, தண்ணி கொண்டாந்தியா?" என்று கேட்டாள். நான் மேலே எழுதியதை அந்தப் பாட்டி ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

கேரளத்தில் கண்ணகியை எப்படிச் சொல்கிறார்கள்?

திருவனந்தபுரத்து ஆற்றுக்கால் பகவதியைக் கண்ணகி என்றே நம்புகிறார்கள். மதுரையை எரித்துவிட்டுக் கொடுங்கல்லூருக்குப் போகும் வழியில் ஆற்றுக்காலில் தங்கினாளாம். மாசி மாதத் திருவிழாவில் தோற்றம் பாட்டு என்று அவள் கதையைப் பத்து நாள் பாடுகிறார்கள். அதில் பாண்டியன் சும்மா மயங்கி விழுந்து சாகவில்லை, அவள் கையாலேயே சாகிறான். அந்த வதம் பாடி முடிந்ததும்தான் பொங்காலை அடுப்பு பற்றும். கோயிலுக்குள்ளிருந்து மேல்சாந்தி, அதாவது தலைமைப் பூசாரி, கொண்டுவரும் தீ முதலில் பண்டார அடுப்பு என்ற கோயில் அடுப்பில் ஏறும். அங்கிருந்து தெருத்தெருவாக, செங்கல் அடுப்பு செங்கல் அடுப்பாகப் பரவும். 2009ல் 25 லட்சம் பெண்கள் பொங்கலிட்டதாகக் கின்னஸில் பதிவாகியிருக்கிறது. பொங்கலிடுவது பெண்கள் மட்டும்தான்.

நன்றாகக் கவனியுங்கள். ராஜாவைக் கொன்ற கோபம் அடுப்புத் தீயாக மாறி, வெல்லமும் அரிசியும் பொங்குகிறது. இதைப் பெண்ணின் கோபத்தைச் சமையலறைக்குள் அடைத்துவிட்டார்கள் என்று சொல்லலாம். கோபத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்து ஒரு நகரத்தையே பெண்கள் கையில் கொடுத்துவிட்டார்கள் என்றும் சொல்லலாம். எங்கள் தெருவிலிருந்து போய்வந்த ஒரு அக்காவிடம் இதைக் கேட்டேன். "புகை, கண்ணு எரிச்சல். ஆனா அன்னிக்கு ஒரு நாள் ரோட்டுல எந்த ஆம்பளையும் நம்மள ஓரமாப் போன்னு சொல்ல முடியாது" என்றார். நான் இரண்டாவது கட்சி.

அந்தப் பிள்ளை கேட்டதற்கு வருவோம். அனுமன் எரித்தால் ஏன் சிரிக்கிறோம்?

வாலில் சுற்றிய துணியில் பிறர் வைத்த தீ அது. அவனுடைய தீ அல்ல. அதை வைத்துக்கொண்டு கூரைக்குக் கூரை தாவுகிறான், இலங்கை எரிகிறது, கடலில் வாலை முக்குகிறான். புஸ்ஸென்று முடிந்தது. சாந்தி இல்லை, பலி இல்லை, மழை நிற்கவில்லை. வால்மீகியில் மட்டும், சீதையும் இதில் வெந்திருப்பாளோ என்று ஒரு நிமிஷம் பதறித் தன்னையே திட்டிக்கொள்கிறான். அந்தப் பதற்றம் எனக்குப் பிடிக்கும். நம் ஊர்ச் சொற்பொழிவுகளில் அது அவ்வளவாக வருவதில்லை.

அதே கதையில் சீதையின் தீ எப்படி இருக்கிறது? கம்பனில் அவள் அனுமனிடம் சொல்கிறாள்: இலங்கை என்ன, எல்லையற்ற உலகங்களையே என் சொல்லால் சுட்டுவிடுவேன். ஆனால் அது இராமனின் வில்லுக்கு இழுக்கு என்பதால் விட்டுவிட்டேன். அனுமனுக்கு வாலில் கடன் வாங்கிய தீ. சீதைக்குச் சொல்லிலேயே உலகம் சுடும் தீ. எரித்தது யார்? அனுமன். கையில் இருந்தும் பயன்படுத்தாமல் இருந்தது யார், யாருடைய மானத்துக்காக?

அது மட்டுமில்லை. அனுமன் வால் சுடாமல் இருந்ததற்குக் காரணமும் சீதைதான். அவனைச் சுடாதே என்று அவள் அக்கினியை வேண்டியதால் வாலில் இருந்த தீ குளிர்ந்துவிட்டது.

கடைசியில் அவளே தீக்குள் இறங்க வேண்டியிருக்கிறது. கம்பன் இந்த இடத்தில் ஒரு வேலை செய்கிறான். அவள் பாய்ந்ததும், அவள் கற்பின் தீயால் அந்த நெருப்பு பால் போல் வெளுத்த பஞ்சு மாதிரி தீய்ந்துபோனது என்கிறான். படிக்கும்போது புல்லரிக்கும். அதே நேரம் ஒரு கேள்வியும் இருக்கிறது. நெருப்பையே தீய்க்கிற அளவுக்கு நெருப்பு ஒருத்தியிடம் இருந்தால், அதைச் சபைக்கு முன்னால் நிரூபிக்கச் சொன்னது எந்த நியாயம்? கம்பன் இராமனைக் கேட்கவில்லை. ஆனால் நெருப்பைத் தோற்கடித்துவிட்டான். அவனால் முடிந்தது அது.

ஆந்திரா பக்கம் திரௌபதிக்குத் தீமிதி நடக்கிறதே, அதில் யார் தீ?

சித்தூர், புத்தூர், நகரி, இந்தப் பக்கம் திருத்தணி வரைக்கும் தருமராஜா கோயில் இல்லாத ஊர் குறைவு. என் சித்தியைப் புத்தூர்ப் பக்கம் கொடுத்திருந்ததால் சின்ன வயதில் அங்கே பாரதம் கேட்டிருக்கிறேன். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. கடைசி நாள் துரியோதனனை மண்ணால் மலை மாதிரி படுக்கவைத்திருப்பார்கள். படுகளம். அங்கே அம்மன் விரித்த கூந்தலை முடிந்த பிறகுதான் சாயங்காலம் தீமிதி. சித்தி வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார்கள். பூக்குழியில் இறங்கும்போது மட்டும் எல்லாருக்கும் ஒரே வார்த்தை, கோவிந்தா.

திரௌபதி யார்? துருபதனின் வேள்வியில் பிறந்தவள். இதைச் சொல்லும்போது அவள் அண்ணனை மறந்துவிடுகிறோம். திட்டத்துய்மனும் அதே வேள்வியில்தான் பிறந்தான். வியாச பாரதத்தில் இருவரும் எப்படி வருகிறார்கள் என்று படித்தால் வேடிக்கையாக இருக்கும். அவன் தீச்சுடரிலிருந்து கிரீடம், கவசம், வாளோடு வருகிறான். துரோணரைக் கொல்லப் பிறந்தவன் என்று அசரீரி சொல்கிறது. அவள் வேள்வி மேடையின் நடுவிலிருந்து வருகிறாள். கண் இப்படி, கூந்தல் இப்படி, உடம்பிலிருந்து நீலத்தாமரை வாசம் வெகுதூரம் வீசியது என்று வர்ணனை ஓடுகிறது. இவளால் சத்திரியர்கள் அழிவார்கள் என்று அசரீரி. அவனுக்கு ஒரு வேலை, ஒரு ஆள், ஒரு வாள். அவளுக்கு ஒரு குலம் முழுக்க அழியும் பழி, அதுவும் அவள் கையில் ஆயுதம் எதுவும் கொடுக்காமல்.

அவனுக்கு யாரும் தீ மிதிப்பதில்லை. அவளுக்குத்தான் ஊர் ஊராகப் பூக்குழி. அவன் தீ துரோணர் தலையோடு தீர்ந்துவிட்டது.

ஆண்கள் யாருமே தீயில் இறங்கவில்லையா?

இறங்கியிருக்கிறார்கள். என் பேச்சையே கொஞ்சம் மாற்றிய கேள்வி இது. கேட்டவர் குமுளியில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணன். "நந்தன விட்டுட்டியேம்மா" என்றார்.

பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் என்று வரும் நந்தன் தில்லைக் கோயிலுக்குள் போக முடியாமல் ஊரைச் சுற்றிச்சுற்றி வருகிறார். தீயில் மூழ்கி எழுந்து வா என்று இறைவன் கனவில் சொல்கிறார். இறங்கியவர் பூணூலும் சடையுமாக முனிவர் வடிவில் எழுகிறார். இது சீதையின் தீதான். சந்தேகப்பட்ட உடம்பைச் சுத்தம் செய்து காட்டுகிற தீ. பெண்ணாக இருந்தால் கற்பைச் சந்தேகப்படுவார்கள், சாதியில் கீழே வைத்திருந்தால் பிறப்பைச் சந்தேகப்படுவார்கள். இருவரையும் அதே குழிக்குள் இறக்குகிறார்கள்.

திருஞானசம்பந்தருக்கும் மதுரையில் தீயில் ஒரு சோதனை உண்டு. அனல்வாதம். ஆனால் தீயில் போனது அவர் உடம்பில்லை, ஓலை. பதிகம் எழுதிய ஏடு வேகாமல் பச்சையாக இருந்தது, வென்றார். மேல்சாதி ஆணுக்குச் சோதனை என்றால் அவன் எழுத்தை நெருப்பில் போடுகிறார்கள். நந்தனுக்கும் சீதைக்கும் அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

வட மலபாரில் தெய்வ வேடம் கட்டி ஆடுவதைத் தெய்யம் என்பார்கள். அதில் பொட்டன் தெய்யம் என்று ஒன்று உண்டு. சங்கராச்சாரியாரை வழிமறித்து, உன் உடம்பில் ஓடுவதும் என் உடம்பில் ஓடுவதும் ரத்தம்தானே என்று கேட்ட ஒடுக்கப்பட்ட மனிதனின் தெய்யம். கனல் குவியலின் மேல் சாவகாசமாகப் படுத்துக்கொண்டு, குளிர்கிறது என்று சொல்லும். நந்தன் தீயிலிருந்து வேறு ஆளாக எழுந்துவர வேண்டியிருந்தது. பொட்டன் மாறவே மறுத்துவிட்டான், தீயைக் கேலி செய்துவிட்டான். தீயை இப்படிக் கேலி செய்கிற பெண் பாத்திரம் ஒன்றை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று, திருவாலங்காட்டுப் பக்கம் பழையனூர் நீலி கதை. பேயான நீலி மனைவி வேடம் போட்டு வந்து வணிகனைத் தன் கணவன் என்று கேட்க, அவன் உயிருக்கு நாங்கள் பிணை என்று வாக்குக் கொடுத்த எழுபது வேளாளர், அவன் செத்ததும் தீயில் இறங்கிவிடுகிறார்கள். இந்தத் தீயில் சந்தேகம் இல்லை, சுத்தம் இல்லை. கொடுத்த வார்த்தைக்காக இறங்கினார்கள். எழுபது பேருக்கும் நல்ல பெயர். நீலிக்கு மட்டும் நீலிக்கண்ணீர் என்ற சொல் மிச்சம்.

நாட்டார் சாமிகளிலும் இப்படித்தானா?

சாகும் விதத்தைப் பாருங்கள். காத்தவராயன் கழுவில். மதுரை வீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு. பெண் சாமி பல ஊர்களில் தீப்பாய்ந்த அம்மன். பாபநாசம் மலையில் சொரிமுத்தையனார் கோயிலில் இருக்கும் முத்துப்பட்டன் கதை இதை ஒரே இடத்தில் வைத்துக் காட்டிவிடும். மாடு திருடர்களோடு சண்டை போட்டு முத்துப்பட்டன் சாகிறான். அவன் மனைவிகள் பொம்மக்காளும் திம்மக்காளும் தீயில் இறங்குகிறார்கள். அவனுக்குப் பக்தர்கள் இன்றும் செருப்பு செய்து காணிக்கை போடுகிறார்கள். நடந்து திரிகிற சாமி இல்லையா?

சிவனுக்கு நெற்றியில் கண்ணே நெருப்புதானே? உங்கள் "கையில், உடம்பில்" கணக்கு அங்கே உதைக்கிறதே.

உதைக்கத்தான் செய்கிறது. மன்மதனை எரித்த தீ சிவன் உடம்பில்தான் இருக்கிறது. தலையில் கங்கையும் பிறையும் வைத்துக் குளிர்விப்பதும், லிங்கத்துக்கு மேல் தண்ணீர் சொட்டும் தாராபாத்திரம் தொங்கவிடுவதும் உண்டு. எங்கள் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவில்கூட, முல்லையாற்றில் குளித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுவது முக்கொம்புக் கம்பத்துக்கு. அந்தக் கம்பத்தை அம்மனின் கணவனாகச் சிவன் என்றுதான் சொல்வார்கள். தீச்சட்டி எடுப்பது அம்மனுக்கு, தண்ணீர் ஐயனுக்கு. தலைகீழ்!

ஒரு சின்ன வித்தியாசம் மட்டும் எனக்குப் படுகிறது. அந்தக் கண்ணுக்கு இமை இருக்கிறது. திறப்பதும் மூடுவதும் அவர் இஷ்டம்.

பிள்ளைகள் பார்க்கிற கார்ட்டூன், ஆங்கிலப் படங்களில்?

அவற்றிலும் ஆச்சரியமான அளவுக்கு இதே கதைதான். மூன்று அண்ணன் தங்கை, அக்கா தம்பி ஜோடிகளை வைத்துப் பார்த்தாலே போதும். முதல் ஜோடி, திட்டத்துய்மனும் திரௌபதியும், மேலே வந்துவிட்டது.

இரண்டாவது, 1961ல் வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் காமிக்ஸின் ஸ்டார்ம் குடும்பம். அக்கா சூ, தம்பி ஜானி. இருவரும் ஒரே விண்வெளிக் கதிர்வீச்சில் மாட்டுகிறார்கள். தம்பி தீப்பிழம்பாகிறான். அக்கா? கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறாள். இதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது பெண்பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் "ஆங்!" என்றார்கள். ஜானிக்கு நெருப்பு ஒரு சுவிட்சு. போடுவான், பறப்பான், அணைப்பான், வம்பு பேசுவான்.

அதே கம்பெனியின் எக்ஸ்-மென் காமிக்ஸில் ஜீன் கிரே என்ற பெண்ணுக்குள் ஃபீனிக்ஸ் சக்தி இறங்குகிறது. அவளால் அதைத் தாங்க முடியவில்லை, ஒரு சூரியனையே விழுங்கிவிடுகிறாள், 1980ல் வந்த கதையில் கடைசியில் தன்னையே அழித்துக்கொள்கிறாள். நம் ஊரில் அம்மன் இறங்கியது என்றால் வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும் இருக்கும். பாவம், அங்கே அது இல்லை.

மூன்றாவது ஜோடி பிள்ளைகளுக்கு மிகப் பிடித்தது. அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர், 2005 முதல் 2008 வரை வந்த தொடர். நெருப்பு நாட்டு இளவரசன் சூக்கோ, தங்கை அசூலா. அண்ணன் தீ சாதாரண நிறம், தங்கை தீ நீலம். அவள்தான் கெட்டிக்காரி. கடைசியில் அவன் ராஜாவாகிறான், அவள் சங்கிலியில் கட்டுண்டு வாயிலிருந்து தீ கக்கி அழுகிறாள்.

இதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. சூக்கோவின் தீ கோபத்தில் எரிந்த தீ. கோபம் போனதும் தீயும் போய்விடுகிறது. அப்புறம் டிராகன்களிடம் போய், தீ என்பது அழிவு மட்டுமில்லை, உயிர்ச்சூடு என்று புதிதாகக் கற்றுக்கொள்கிறான். ஆண் பிள்ளையின் கோபத்துக்கு இவ்வளவு பொறுமையாக வழி காட்டிய கதை குறைவு. வழி நெடுக டீ போட்டுக்கொடுத்துப் புத்தி சொல்ல அவனுக்கு ஒரு பெரியப்பா இருக்கிறார். அதே பெரியப்பா அசூலாவுக்கும் பெரியப்பாதானே? அவளுக்கு ஒரு டம்ளர் டீ கிடைக்கவில்லை. எங்கள் வாசற்படியில் இதுதான் ரொம்ப நேரம் ஓடிய சண்டை. "அவ கெட்டவக்கா" என்று ஒருவன். "அவனும்தான் மொத ரெண்டு சீசன் கெட்டவன்" என்று ஒருத்தி.

கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரின் டனேரிஸையும் கண்ணகியையும் ஒப்பிடலாமா?

ஒப்பிட்டால் கண்ணகியை எழுதியவர் மேல் மரியாதை கூடும். டனேரிஸ் முதலில் கணவன் சிதையில் இறங்கி வேகாமல் எழுகிறாள். உடன்கட்டையைத் தலைகீழாகத் திருப்பிய காட்சி அது. 2019ல் வந்த முடிவில், சரணடைந்து மணி அடித்த பிறகும் நகரத்தை எரிக்கிறாள், காதலனே குத்திக் கொல்கிறான். அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்பதுதான் கதை தரும் காரணம், பரம்பரையில் வேறு இருக்கிறதாம்.

கண்ணகியும் நகரத்தை எரித்தாள். அவளை யாரும் பைத்தியம் என்று முடிக்கவில்லை. நீதி கேட்டாள், கிடைக்கவில்லை, எரித்தாள், சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்து கோயில் கட்டினான். பயந்துதான் கும்பிட்டார்கள் என்று வைத்துக்கொண்டாலும், அவள் பக்கத்து நியாயத்தை அழிக்கவில்லை.

வேறு நாட்டுப் பழங்கதைகளில்?

ஒன்றே ஒன்று. நியூசிலாந்தின் மவோரி மக்கள் சொல்லும் மகுயிக்கா. தீக்கிழவி. அவள் தீ விரல் நகங்களில் இருக்கிறது. மாவி என்ற இளைஞன் தீ கேட்டு வருகிறான். ஒரு நகத்தைப் பிடுங்கிக் கொடுக்கிறாள். அவன் வழியில் அணைத்துவிட்டுத் திரும்ப வந்து கேட்கிறான். இப்படி ஒவ்வொரு நகமாக வாங்கிக்கொண்டே இருக்கிறான். அவள் உடம்பிலிருந்த தீ அவன் கைக்குப் போன கதை. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, முதல் பதிலில் எழுதியது அப்போதுதான் எனக்குள் உறைத்தது.

நம் பேச்சு வழக்கிலும் இது இருக்கிறதா?

"அவர் நெருப்பு" என்றால் கை நீட்டாத அதிகாரி. "அவ நெருப்பு" என்றால் எவனும் கிட்டப் போக முடியாத பெண். ஒரே சொல், ஆணுக்குப் பணத்தில், பெண்ணுக்கு உடம்பில். பெரிய பெண்ணை வீட்டில் வைத்திருக்கும் தாய் "வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கேன்" என்பாள். அந்த நெருப்பு அவள் மகள்தான். மகனைப் பற்றி அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைக்காதே என்பார்கள். இதில் பஞ்சு யார், நெருப்பு யார் என்று பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்தேன். பெண்கள் ஆண்தான் நெருப்பு என்றார்கள், ஆண்கள் பெண்தான் நெருப்பு என்றார்கள். பஞ்சாக இருக்க எல்லாருக்கும் ஆசை.

இதெல்லாம் கதைதானே, நிஜ வாழ்க்கையில் என்ன வந்தது?

எண்பதுகளில் ஸ்டவ் வெடித்தது என்று பேப்பரில் வந்த செய்திகளை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெடித்த ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் எப்போதும் மருமகளே இருந்தாள். வரதட்சணைச் சாவுக்கென்று தனிச் சட்டப் பிரிவு 1986ல்தான் வந்தது. தீக்குள் இறங்கிய பெண்ணைக் கும்பிட்டுப் பழகிய ஊரில் அந்தச் செய்தியை எவ்வளவு சாதாரணமாகப் படித்துவிட்டு மடித்து வைத்தோம் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இதற்கு மேல் இதில் எனக்கு எழுத வரவில்லை.

அடுத்து, கூலி. என் அப்பா மலைமேல் ஏலக்காய் ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கூடத்தில், வேலை பார்த்தார். பச்சைக் காயை உள்ளே பரப்பி ராத்திரி முழுக்க அடுப்பில் விறகு தள்ளி, சூடு ஏறாமலும் இறங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். சூடு ஏறினால் காய் வெடித்துவிடும், இறங்கினால் பச்சை நிறம் போய்விடும். கை வைத்துப் பார்த்தே அப்பா சொல்லிவிடுவார். அதற்குத் தனிக் கூலி. அதே அளவு நுட்பமாக அம்மா ஊதுகுழலை வைத்துக்கொண்டு வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். பகலில் அவளும் ஜீப் ஏறிக் காய் பறிக்கப் போனாள். அங்கே அடுப்படிக்கு அவளை விடமாட்டார்கள். பெண்களுக்கு அந்தச் சூடு தாங்காதாம்.

கதை எழுதுகிறேன். நெருப்புள்ள பெண்ணை எப்படி எழுதலாம்?

நான் எழுத்தாளர் இல்லை, வாசிக்கிறவள். வாசிக்கும்போது நான் பார்ப்பது இவ்வளவுதான். அவளுக்கு யாராவது கற்றுக்கொடுக்கிறார்களா? தீயை வைத்து அவளுக்கு ஏதாவது வேலை இருக்கிறதா, அல்லது கோபம் மட்டும்தானா? எரித்து முடித்த மறுநாள் காலையில் அவள் எங்கே இருக்கிறாள்? பாதிக் கதைகளில் அவளுக்கு மறுநாள் காலையே கிடையாது. வானத்துக்குப் போய்விடுகிறாள், செத்துவிடுகிறாள், சிலையாகிவிடுகிறாள்.

அப்புறம், பையனுக்குத் தீ கொடுத்து எழுதினால் அவன் கொஞ்சம் சுட்டுக்கொள்ளட்டும்.

பெண்பிள்ளைகளுக்கு இந்தக் கதைகளைச் சொல்லலாமா? பயப்பட மாட்டார்களா?

என்னை முதலில் கேட்டாளே, அந்த எட்டாவது வகுப்புக்காரி, அவளையே ஒரு கதை எழுதிக்கொண்டு வரச்சொன்னேன். அடுத்த சனிக்கிழமை ஒரு பக்கத்தில் எழுதி வந்தாள். ஒரு பொண்ணுக்கு உள்ளங்கையில் தீ வரும். ராத்திரி ஸ்டோரில் உட்கார்ந்து ஏலக்காய் காயவைப்பாள். விறகு மிச்சம் என்று முதலாளிக்குச் சந்தோஷம். காலையில் கூலி வாங்கிக்கொண்டு, ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்து தூங்குவாள்.

"அவ்வளவுதானா? இவளுக்குக் கோபமே வராதா?" என்று கேட்டேன்.

"எதுக்குக்கா வரணும்? கூலிய ஒழுங்காக் குடுத்துட்டாங்களே" என்றாள்.